பாலச்சந்தர் ஏறிய மூன்று மேடைகள்

(கட்சி உறுப்பினர்களுக்கான கலை இலக்கியப் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இயக்குநர் கே.பாலச்சந்தர் 2014 டிசம்பர் 23 அன்று மறைந்தபோது வெளியான அஞ்சலிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே பட்டியலையே திரும்பத் திரும்பப் பேசின. அவர் அறிமுகப்படுத்திய நடிகர்கள், அவர் பெற்ற தேசிய விருதுகள், 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது, ‘இயக்குநர் சிகரம்’ என்னும் பட்டம். சிகரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் பலர். அங்கே ஏறிச் சென்ற பாதையை ஆராய்ந்தவர்கள் சிலரே. நாடக ஆசிரியராகத் தொடங்கி, திரைப்பட இயக்குநராகி, பட நிறுவன உரிமையாளராகி, இறுதியில் தொலைக்காட்சித் தொடர்களின் தயாரிப்பாளராகவும் விளங்கிய ஒருவரின் அரை நூற்றாண்டு வாழ்க்கையை, அந்த மூன்று மேடைகளிலும் யார் பணம் செலுத்தினர், யார் பார்வையாளராக அமர்ந்தனர் என்ற கேள்வியோடு அணுகினால் கிடைக்கும் சித்திரம் வேறு. கலைத்துறையில் பணியாற்றும் தோழர்களுக்கு அந்தச் சித்திரமே பயன்படும்.

மாலை ஆறரை மணி நாடகம்

பாலச்சந்தர் 1930 ஜூலை 9 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் நன்னிலத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து 1949இல் பட்டம் பெற்றார். முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1950இல் சென்னையில் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். சென்னைவாசிகள் ஏ.ஜி. ஆபீஸ் என்று அழைக்கும் அந்த அலுவலகத்தைத் தாண்டித்தான் அவருடைய கலை வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியும் என்று நினைப்பவர்கள் தவறிழைக்கிறார்கள். அந்த அலுவலகம்தான் அவருடைய முதல் புரவலர்.

விடுதலைக்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் சென்னையில் உருவான ‘அமெச்சூர்’ நாடக இயக்கத்தின் பொருளாதார அடிப்படை மாதச் சம்பளம். ரயில்வே, தொலைபேசி, வங்கி, மத்திய-மாநில அரசு அலுவலகங்கள் என்று பொதுத்துறை விரிந்தது. அங்கே வேலை நேரம் வரையறுக்கப்பட்டிருந்தது. வேலை நிரந்தரமாக இருந்தது. ஓய்வூதியம் உறுதியாக இருந்தது. இவை தாமாக வந்தவையல்ல, ஊழியர் சங்கங்கள் போராடிக் காத்தவை. மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்தால் ஆறரை மணிக்கு ஒப்பனை போட்டுக்கொள்ள முடிந்தது. நாடகம் தோற்றாலும் அடுப்பு எரிந்தது. நாகேஷ் ரயில்வே எழுத்தர். ஸ்ரீகாந்த் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். பாய்ஸ் கம்பெனிகளில் சிறு வயதிலேயே சேர்க்கப்பட்டு, சோற்றுக்கும் அடிக்கும் இடையே வளர்ந்த முந்தைய தலைமுறை நடிகர்களோடு ஒப்பிட்டால் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

பார்வையாளரும் அதே வர்க்கத்தினர். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர் சபாக்களின் சந்தா உறுப்பினர்கள், பட்டணத்துக்கு வந்து ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் சம்பளக்காரர்கள். அவர்களில் பிராமணர்களின் பங்கு பெரிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சபா மேடையில் தன் ராகினி ரிக்ரியேஷன்ஸ் குழுவோடு பாலச்சந்தர் கொண்டுவந்தவை ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘மெழுகுவர்த்தி’, ‘நாணல்’, ‘எதிர்நீச்சல்’ ஆகிய நாடகங்கள். புராணமும் ராஜா ராணியும் இல்லை. சிரிப்புத் துணுக்குகளின் தோரணமும் இல்லை. ஓட்டல் பரிசாரகன், மருத்துவமனைப் படுக்கையில் சாவை எதிர்நோக்கும் இளைஞன், மாடிப்படியின் அடியில் வசித்துக்கொண்டு குடித்தனக்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்து கல்லூரியில் படிக்கும் அநாதை ஆகியோர் நாயகர்கள்.

‘மேஜர் சந்திரகாந்த்’ முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பின்பு தமிழுக்கு வந்த நாடகம். கண்பார்வை இழந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் வீட்டில் ஒரு தையற்காரன் அடைக்கலம் புகுகிறான். தன் தங்கையை ஏமாற்றிச் சாவுக்குத் தள்ளியவனைக் கொன்றுவிட்டு வந்தவன் அவன். கொல்லப்பட்டவன் மேஜரின் இளைய மகன். இளைய மகனுக்குப் பெயர் ரஜினிகாந்த். காவல்துறையில் இருக்கும் மூத்த மகனுக்குப் பெயர் ஸ்ரீகாந்த். மேஜர் வேடமேற்ற சுந்தர்ராஜனுக்கு ‘மேஜர்’ என்பது வாழ்நாள் அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. இளைய மகனின் பெயரோ பல ஆண்டுகள் கழித்துப் பெங்களூர் நகரப் பேருந்து நடத்துநரான சிவாஜி ராவுக்கு வைக்கப்பட்டது. பெயரின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தையற்காரனின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒரு மேல்தட்டு வீட்டுக்குள்ளேயே நின்று வாதாடிய நாடகம் அது என்பது நினைவில் தங்கவில்லை. அந்த வாதம் சட்டத்தையும் பாசத்தையும் எதிரெதிராக நிறுத்துகிறது. தையற்காரனின் வறுமையை அது விசாரிப்பதில்லை. பாலச்சந்தரின் பலமும் எல்லையும் இந்த முதல் வெற்றியிலேயே தெரிகின்றன.

கொட்டகைக்குள் நுழைந்த எழுத்தர்

திரைப்படத்துக்கு அவர் வந்த வழி வசனத்தின் வழி. 1964இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார். அதே ஆண்டில் ‘சர்வர் சுந்தரம்’ ஏவி.எம். நிறுவனத்தால், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது. பரிசாரகன் திரைப்பட நட்சத்திரமாகிறான். ஆனால் நேசித்தவளும் தாயும் அவனுக்குக் கிடைப்பதில்லை. திரையுலகத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்த ஓர் எழுத்தர், அந்த உலகம் உள்ளே வருகிறவனிடம் என்ன விலை கேட்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்ததுபோல இருக்கிறது இந்தக் கதை. 1965இல் ‘நீர்க்குமிழி’யைத் தாமே இயக்கினார். பெரிய நட்சத்திரம் இல்லை, வெளிப்புறக் காட்சிகள் அரிது. மருத்துவமனை வார்டு ஒன்றே போதுமாயிற்று. சபா நாடகத்தின் சிக்கனம் திரைக்குள் வந்தது.

‘பாமா விஜயம்’ (1967), ‘எதிர்நீச்சல்’ (1968), ‘இரு கோடுகள்’ (1969) ஆகியவை சம்பளக்காரக் குடும்பத்தின் கடனையும் போலிக் கௌரவத்தையும் நகைப்போடும் கண்ணீரோடும் காட்டிய படங்கள். ‘இரு கோடுக’ளில் கலெக்டர் அலுவலக எழுத்தனுக்கு மேலதிகாரியாக, அவன் கைவிட்ட முதல் மனைவியே கலெக்டராக வந்து அமர்கிறாள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கொட்டகைகளை ஆண்ட காலத்தில், கோப்புக்கட்டுகளுக்கு நடுவே ஒரு படம் நடந்தது. அது ஓடவும் செய்தது. இதைச் சிறுமைப்படுத்தக் கூடாது.

1973இல் ‘அரங்கேற்றம்’ வந்தது. வறிய புரோகிதர் குடும்பத்தின் மூத்த மகள், தம்பி தங்கைகளின் பசிக்காகப் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படுகிறாள். அவள் அனுப்பும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே வீடு நிமிர்கிறது. உண்மை தெரிந்ததும் அதே வீடு அவளைத் துரத்துகிறது. கண்டனம் எழுந்தது, அவர் சமரசத்துக்குப் போகவில்லை. தன்னை வளர்த்த சபாப் பார்வையாளர்களின் வீட்டுக்குள்ளேயே விளக்கைக் கொண்டுபோய்ப் பிடித்த துணிவு அது. ஆயினும் படம் வறுமைக்குக் காட்டும் காரணம் பிள்ளைகளின் எண்ணிக்கை. அன்றைய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரமும் அதையே சொன்னது. நிலம் யாரிடம் இருக்கிறது, வேலை ஏன் இல்லை என்னும் கேள்விகள் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அடுத்த ஆண்டு வெளியான ‘அவள் ஒரு தொடர்கதை’யை, வங்கத்தின் ரித்விக் கட்டக் 1960இல் எடுத்த ‘மேக டாக்கா தாரா’வோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. கட்டக்கும் நாடக ஆசிரியராகத் தொடங்கியவரே. அவர் வந்த மேடை இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டா. இரண்டு படங்களிலும் ஒரு குடும்பத்தையே சுமக்கும், வேலைக்குப் போகும் மகள். கட்டக்கின் நீத்தா பிரிவினையால் கிழக்கு வங்கத்திலிருந்து துரத்தப்பட்ட அகதிக் குடும்பத்துப் பெண். அவளை அரித்துத் தின்பது காசநோய் மட்டும் அன்று. நாட்டைக் கூறுபோட்ட வரலாறும்தான். பாலச்சந்தரின் கவிதாவைச் சுற்றி அப்படியொரு வரலாறு இல்லை. பொறுப்பற்ற அண்ணன், ஓடிப்போன தந்தை என்று தனிமனிதர்களே இருக்கிறார்கள். ஆனால் கவிதாவிடம் நீத்தாவிடம் காணாத ஒன்றும் இருக்கிறது. அவள் கோபப்படுகிறாள், ஏசுகிறாள், தன் உழைப்பின் கணக்கை வீட்டாரின் முகத்துக்கு நேரே கேட்கிறாள். எழுபதுகளில் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறிய ஆயிரமாயிரம் பெண்கள் அந்தக் குரலைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். முடிவில் மணமகனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவள் மறுபடியும் வேலைக்குக் கிளம்புகிறாள். கலகத்தில் தொடங்கித் தியாகத்தில் முடியும் இந்த வளைவைப் பாலச்சந்தரின் பெண்கள் அநேகமாக எல்லோரும் வரைந்தார்கள். 1985இல் ‘சிந்து பைரவி’யின் சிந்துவும் அப்படியே. கர்நாடக இசை மேடையில் தமிழ்ப் பாட்டு ஏன் இல்லை என்று புகழ்பெற்ற பாடகனை அவையிலேயே மடக்குகிறவள், கடைசியில் பெற்ற குழந்தையை அவனுடைய மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கண்காணாமல் போகிறாள். கேள்வி கேட்டவளை ஊரை விட்டு அனுப்பினால்தான் குடும்பம் நிம்மதியடைகிறது.

இடையே அவர் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்தார். 1978இல் தெலுங்கில் எடுத்த ‘மரோ சரித்ரா’ சென்னையில் தெலுங்கிலேயே ஓராண்டுக்கும் மேலாக ஓடியது. அதுவே 1981இல் ‘ஏக் துஜே கே லியே’ ஆக இந்தியில் வந்தது. தமிழ் இளைஞனும் இந்தி பேசும் பெண்ணும் மொழி தெரியாமலே காதலிக்கும் கதை, வட இந்தியா முழுவதும் வெற்றி பெற்றது. நாடு தழுவிய சந்தை அவருக்குத் திறந்துகொண்டது.

சிவப்பும் தண்ணீரும்

1980, 1981 ஆகிய இரண்டு ஆண்டுகள் அவர் வாழ்க்கையில் தனியே நிற்கின்றன. வேலையின்மை நாடெங்கும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ‘வறுமையின் நிறம் சிவப்பு’ டில்லியில் நடக்கிறது. தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ரங்கன் வேலை தேடி அலைகிறான். பசியோடு பாரதியைப் பேசுகிறான். சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் தலைவணங்க மறுக்கிறான். இறுதியில் முடிதிருத்தும் தொழிலாளி ஆகிறான். சங்கீத வித்துவானின் மகன் கத்தரியை எடுத்ததைத் தோல்வியாகக் காட்டாமல் தலைநிமிர்வாகக் காட்டியது படத்தின் சிறப்பு. தொழிலில் உயர்வு தாழ்வு கற்பித்த சாதிய மனத்துக்கு அது அடி. ஆனால் தலைப்பில் உள்ள சிவப்பு பசியின், கோபத்தின் நிறமாகவே நின்றுவிடுகிறது. அந்த அறையில் பட்டினி கிடக்கும் நண்பர்கள் ஒருவரோடொருவர் ஒளித்து விளையாடுகிறார்கள். ஒன்றுகூடி ஓர் ஊர்வலத்துக்குக்கூடப் போவதில்லை. மறு ஆண்டு வந்த ‘தில்லு முல்லு’ இதே வேலையின்மையை நகைச்சுவையாக்கியது. இந்தியில் வந்த ‘கோல் மால்’ படத்தின் தழுவல் அது. வேலையில் நிலைப்பதற்காக ஒருவன் மீசையோடு ஓர் ஆளாகவும், மீசையின்றி இன்னோர் ஆளாகவும் நடிக்க வேண்டியிருக்கிறது. முதலாளியின் விருப்பு வெறுப்புக்கேற்ப உடம்பையே மாற்றிக்கொள்ளும் அவலத்தை மக்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். சற்றே யோசித்தால், ரங்கனின் கதையைவிடக் கசப்பான கதை அது.

‘தண்ணீர் தண்ணீர்’ (1981) வேறு தளத்தைச் சேர்ந்தது. அது பாலச்சந்தரின் கதை அன்று. கோமல் சுவாமிநாதனின் நாடகம். கோமலும் சபா மேடைக்காரரே. ஆனால் அவர் அதே மேடையில் கரிசல் காட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டி என்னும் வறண்ட கிராமம். மனுக்கள் எழுதிக் களைத்த மக்கள். சிறையிலிருந்து தப்பிய வெள்ளைச்சாமி அங்கே வந்து தங்குகிறான். பல மைல் தொலைவிலுள்ள சுனையிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறான். ஊர் அவனைக் காக்கிறது. தேர்தலைப் புறக்கணிக்க முடிவு செய்கிறது. வண்டி உடைக்கப்படுகிறது. அப்போது மக்கள் தாங்களே கால்வாய் வெட்டத் தொடங்குகிறார்கள். ஐந்து ஆண்டுகளாகத் தண்ணீர் தர வராத அரசு, அனுமதியின்றி வெட்டினார்கள் என்று தடுப்பதற்கு மட்டும் போலீசோடு வருகிறது. செவந்தியின் கணவன் போலீஸ்காரன். ஆதலால் அரசு என்பது அவளுக்குத் தன் வீட்டுக்குள்ளேயே சீருடை அணிந்து நிற்கிறது.

பாலச்சந்தரின் படங்களில் ஒரு கூட்டம் நாயகனாக இருப்பது அநேகமாக இங்கு மட்டுமே. அவருடைய வழக்கமான உத்திகளான குறியீட்டுப் பொருள்கள், சாதுரிய வசனங்கள், முக்கோணக் காதல் அனைத்தும் பின்னுக்குப் போகின்றன. வெயிலும் காலிக் குடங்களும் முன்னே வருகின்றன. சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த திரைக்கதைக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. மூலப் பொருள் மாறியபோது கலைஞனின் பார்வையும் அகலமானது. அந்த மூலப் பொருளை உண்டாக்கியவர், உழைக்கும் மக்கள் பக்கம் தன் நாடகத்தைத் திருப்பிய இன்னொரு எழுத்தாளர். தனிமனித மேதைமையைப் போற்றும் அஞ்சலிகளில் கோமலின் பெயர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1984இல் ‘அச்சமில்லை அச்சமில்லை’யில் நேர்மையான இளைஞன் ஒருவன் அரசியலில் படிப்படியாக அழுகுவதைக் காட்டினார். அவனுடைய மனைவியே இறுதியில் அவனைக் கொல்கிறாள். சினம் உண்மையானது. ஆனால் அத்திப்பட்டியில் ஊர் செய்யத் துணிந்ததை இங்கே மீண்டும் ஒரு தனி ஆளின் கத்தி செய்கிறது. அந்தப் படம் அவருடைய சொந்த நிறுவனமான கவிதாலயாவின் தயாரிப்பு. 1981இல் ‘நெற்றிக்கண்’ படத்தோடு தொடங்கிய அந்நிறுவனம், பின்னாளில் மணிரத்னத்தின் ‘ரோஜா’ உட்படப் பல படங்களைத் தயாரித்தது. எழுத்தர் முதலாளியாகிவிட்டார். நட்சத்திரப் படங்களின் லாபத்தைக்கொண்டு சோதனைப் படங்களை எடுப்பது என்னும் ஏற்பாடு சில காலம் நடந்தது. பிறகு நட்சத்திரத்தின் விலை ஏறியது, சோதனை குறைந்தது.

வீட்டுக்கூடத்தில் மூன்றாவது மேடை

1990இல் தூர்தர்ஷனில் வந்த ‘ரயில் சிநேகம்’ அவரைத் தொலைக்காட்சிக்கு அழைத்துவந்தது. அந்தப் பெட்டிக்கு அதற்குள் ஒரு வரலாறு இருந்தது. 1984இல் தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடரோடு, நூடுல்ஸ் விற்கும் நிறுவனம் நடுத்தரக் குடும்பக் கதைக்குப் புரவலராகும் முறை அறிமுகமாயிற்று. எனினும் அரசு ஊடகமாக இருந்த காரணத்தால் சில கதவுகள் திறந்தே இருந்தன. பீஷ்ம சாஹ்னியின் நாவலைக் கோவிந்த் நிஹலானி ‘தமஸ்’ என்ற தொடராக்கியபோது, மதவெறிச் சக்திகளின் எதிர்ப்பையும் வழக்கையும் மீறி 1988இல் அது நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று. பிரிவினைக் கலவரத்தைத் தூண்டியவர்கள் யார் என்று கோடிக்கணக்கான வீடுகள் பார்த்தன.

1993இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி வந்தது. தாராளமயத்தின் பிள்ளை அது. பாலச்சந்தர் குடும்பத்தின் மின்பிம்பங்கள் நிறுவனம் ‘கையளவு மனசு’, ‘பிரேமி’, ‘அண்ணி’ முதலிய தொடர்களைத் தயாரித்தது. திரையரங்கில் ஓய்ந்துகொண்டிருந்த குடும்பக் கதைக்கு வீட்டுக்கூடத்தில் மறுவாழ்வு கிடைத்தது. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை என்ற ஒழுங்கில், முடிவு தெரிந்த கதைகளாக அவை இருந்தன. நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ போன்ற தொடர்கள் அந்நிறுவனத்திலிருந்து வந்து சின்னத்திரையின் மொழியையே மாற்றின. சமுத்திரக்கனி போன்றோர் அங்கே தொழில் கற்றனர்.

ஆனால் இங்கே பார்வையாளர் சீட்டு வாங்குவதில்லை. சபாவில் சந்தா உறுப்பினர், கொட்டகையில் நாலணாப் பெஞ்சுக்காரர் முதல் பால்கனிக்காரர் வரை, தம் காசைக் கொடுத்துத் தீர்ப்பும் சொன்னார்கள். அன்றைய தொலைக்காட்சியில் தயாரிப்பாளர் அலைவரிசையிடம் அரை மணி நேரத்தை விலைக்கு எடுத்தார். சோப்பும் எண்ணெயும் விற்பவர்களிடம் விளம்பர நிமிடங்களை விற்று அதை ஈடுகட்டினார். விற்கப்படும் சரக்கு, இரவுச் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கவனம். கதை முடிந்தால் கவனமும் முடிந்துவிடும். ஆகவே கதை முடியக் கூடாது. வாரத் தொடர் தினத்தொடரானபோது இந்தத் தர்க்கம் முழுமை பெற்றது. இத்தனை நிமிடக் காட்சி இன்றைக்குள் எடுத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், ஒளிப்பதிவுத் தொழிலாளியிலிருந்து நடிகை வரை விடியலில் தொடங்கி இரவுவரை உழைத்தார்கள். வசனம் படப்பிடிப்புத் தளத்திலேயே எழுதப்பட்டது. மாலை ஐந்து மணிக்கு முடிந்த ஏ.ஜி. ஆபீஸ் வேலை நேரத்தில் பிறந்த கலை, வேலை நேரமே இல்லாத ஒரு தொழிற்சாலையில் வந்து சேர்ந்தது.

‘சிந்து பைரவி’யின் தொடர்ச்சியாக அவர் ‘சஹானா’ என்ற தொலைக்காட்சித் தொடரை எடுத்ததும் இந்தக் காலத்தில்தான். ஊரை விட்டு அனுப்பப்பட்ட சிந்துவின் கேள்வி அங்கே திரும்பி வரவில்லை. குடும்பத்தின் உறவுச் சிக்கல்களே திரும்பி வந்தன. ‘தண்ணீர் தண்ணீர்’ போன்ற ஒன்றை எடுக்க இந்த மேடையில் அவருக்கு வாய்ப்பு இருந்ததா என்று யோசித்துப் பார்க்கலாம். குடிநீர் புட்டியும் விளம்பரமாகும் இடைவேளையில் அத்திப்பட்டியைக் காட்ட எந்தப் புரவலர் முன்வருவார்?

கடைசி ஆண்டுகளில் பாலச்சந்தர் மீண்டும் மேடை நாடகத்துக்குத் திரும்பினார். எண்பது வயதை எட்டியவர், தொடங்கிய இடத்துக்கே வந்து, நடிகர்களை நிறுத்தி ஒத்திகை பார்த்தார். அந்த மேடையைத் தாங்கிய சம்பளக்கார இளைஞர்கள் இப்போது மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் அல்லர். அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், இரவுப் பணியாளர்கள். ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பது இன்றைய கலைக்குழுத் தோழர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை.

கோமலின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்துக்குப் பெரிய அரங்க அமைப்பு வேண்டியதில்லை. ஒரு வண்டியும் சில குடங்களும் பத்துப் பதினைந்து நடிகர்களும் போதும். பாலச்சந்தரின் படத்தைக் கிளைகளில் திரையிட்டு, அடுத்த வாரமே நாடகத்தின் சில காட்சிகளை வாசித்துப் பார்ப்பது செய்யக்கூடிய வேலை. எது மேடையிலிருந்து அப்படியே வந்தது, எதைத் திரை கூட்டியது, எதை விட்டது என்பது விவாதமாகட்டும். அத்திப்பட்டி மக்கள் வாக்களிக்க மறுத்தது சரியா என்னும் கேள்வியில் கருத்து வேறுபாடு எழும். கால்வாய் வெட்டியதில் எழாது.